ஜெனீவா விமான நிலையம் வழியே ஆல்ப்ஸ் பனிச்சறுக்குக்கு: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குப் பழகப் புறப்படுகிறவர்களில் ஏராளமானோர் முதலில் வந்து இறங்கும் இடம் ஜெனீவா விமான நிலையம். ஓடுபாதை ஒன்றே ஒன்று. அதை நம்பி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பயணிகள் வந்துபோகிறார்கள். நிலையம் சுவிட்சர்லாந்து மண்ணில் இருக்கிறது. ஓடுபாதையின் ஓரத்து வேலியைத் தாண்டினால் பிரான்ஸ். கட்டடத்துக்குள்ளேயே பிரான்ஸுக்கென்று தனியாக ஒரு பகுதியும் உண்டு.

புதிதாக வருகிறவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் இந்த இரட்டை நாட்டு அமைப்புதான். எந்த ஊருக்குப் போகிறோம், எந்த வண்டியில் போகிறோம், எந்தக் கதவு வழியாக வெளியேறுகிறோம் ஆகிய மூன்றையும் விமானம் ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். விசா, சிம் கார்டு, வாடகைக் கார் என்று மற்றவை எல்லாம் அந்த முடிவைப் பொறுத்துத்தான் அமையும்.

டிக்கெட் எடுக்கும் முன் கிழமையைப் பாருங்கள்

பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஊர்களில் வீடுகளும் அறைகளும் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை என்ற கணக்கில்தான் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு வாரம் தங்கியவர்கள் இறங்குவதும் அடுத்த வாரக்காரர்கள் ஏறுவதும் ஒரே நாளில் நடக்கிறது. பிப்ரவரியில் பிரான்ஸின் பள்ளி விடுமுறையும் பிரிட்டனின் பருவ இடைப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டால் விமான நிலையமும் மலைச்சாலையும் ஒரே நேரத்தில் திணறும். பிரான்ஸின் அரசுப் போக்குவரத்து முன்னறிவிப்புச் சேவையான பைசோன் ஃபுட்டே, நெரிசலைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்துச் சொல்லும். பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் ஆல்ப்ஸ் பகுதிக்குச் சிவப்போ கறுப்போ வருவது வழக்கமான சங்கதி.

ஆகவே ஞாயிறு முதல் ஞாயிறு வரையோ வார நாளிலிருந்தோ அறை தரும் இடமாகத் தேடுங்கள். அப்படிக் கிடைக்கவில்லை, சனிக்கிழமைதான் வழி என்றால், காலையில் சீக்கிரம் இறங்கும் விமானத்தைப் பிடியுங்கள். இந்த ஒரு மாற்றம் மிச்சப்படுத்தும் நேரத்தை வேறு எந்தத் தந்திரமும் மிச்சப்படுத்தாது என்பது என் உறுதியான கருத்து.

விசா எந்த நாட்டிடம் கேட்பது?

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் தங்களுக்கிடையே பாஸ்போர்ட் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஒரே ஷெங்கன் விசாவில் இரண்டு நாடுகளுக்கும் போகலாம். விண்ணப்பத்தை எந்த நாட்டிடம் கொடுப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். விமானம் இறங்கும் நாட்டை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஜெனீவாவில் இறங்கி சாமோனியில் ஒரு வாரம் தங்கினால் பிரான்ஸிடம். அதே விமானத்தில் வந்து செர்மாட்டில் தங்கினால் சுவிட்சர்லாந்திடம். இரண்டு நாடுகளிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். விசாவுக்குக் கேட்கப்படும் மருத்துவக் காப்பீடு குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அந்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். பனிச்சறுக்கு விபத்தும், மலையிலிருந்து மீட்கும் செலவும், ஹெலிகாப்டர் உட்பட, காப்பீட்டில் அடங்குகின்றனவா என்று ஆவணத்தில் தேடிப் படியுங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டுக்கு இடமில்லை. தனியாகக் கொஞ்சம் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி கட்டுவது

முதல் முறை போகிறவர் சறுக்குப் பலகை வாங்கவே வேண்டாம். பலகை, கோல், பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் மலையடிவாரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் கடித்தால் அடுத்த நாள் மாற்றித் தருவார்கள். கையுறை, கண்ணாடி, உள்ளாடைகள் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

நண்பர் கொடுத்த பலகையைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். கவுன்ட்டரில் போய்ச் சொன்னால் கட்டணம் அதிகமாகும். இடமில்லை என்றும் சொல்லக்கூடும். பலகையும் கோலும் சரக்கறைக்குத்தான் போக வேண்டும். சொந்த பூட்ஸ் இருந்தால் அதைக் கைப்பையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வராமல் போனாலும் பலகையை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். காலுக்குப் பழகிய பூட்ஸுக்கு ஈடு கிடைப்பது கடினம். கையுறை, கண்ணாடி, ஒரு செட் சூட்டு உடை ஆகியவையும் கைப்பையிலேயே வரட்டும். பேட்டரியால் சூடாகும் கையுறை, காலுறை வைத்திருப்பவர்கள் கூடுதல் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. அவை பயணியோடுதான் வர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியோ பால் பொருட்களோ கொண்டுவரக் கூடாது. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் இரண்டிலும் இதற்குத் தடை இருக்கிறது.

இறங்கியதும்

நீங்கள் எந்த ஊர் வழியாக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து இங்கே வரிசை மாறும். துபாய், தோஹா, லண்டன் போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நகரங்களிலிருந்து வந்தால் பாஸ்போர்ட் சோதனை ஜெனீவாவில் நடக்கும். பாரிஸ், ஃபிராங்ஃபர்ட், சூரிச் வழியாக வந்தால் அந்த முதல் ஊரிலேயே சோதனை முடிந்துவிடும். ஜெனீவாவில் நேரே பெட்டி எடுக்கப் போகலாம். இரண்டாவது வகைக்காரர்கள் அந்த நடு ஊரில் போதிய நேரம் விட்டு இணைப்பு விமானம் எடுங்கள், ஏனென்றால் நீண்ட வரிசை அங்கேதான் காத்திருக்கும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவுமுறை தொடங்கியது. முத்திரைக்குப் பதிலாக முகப்படமும், விசா தேவைப்படாத நாட்டவர் என்றால் விரல் ரேகையும் கணினியில் ஏற்றப்படுகின்றன. முதல் பதிவுக்கு நேரம் பிடிக்கும். தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். கைபேசியைத் திறந்து மின்னஞ்சலில் தேடிக்கொண்டிருப்பது உங்களுக்கும் பின்னால் நிற்பவருக்கும் தொல்லை.

பெட்டி எடுக்கும் கூடத்தில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீளமான சறுக்குப் பைகள் எப்போதும் சாதாரணச் சுழல்பட்டையில் வருவதில்லை. அளவு மிகுந்த பொருட்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. உடைப் பெட்டி வந்துவிட்டது, பலகை மட்டும் காணோம் என்று சுழல்பட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களைச் சனிக்கிழமைகளில் பார்க்கலாம். திரையில் உங்கள் விமான எண்ணுக்கு எதிரே உள்ள பட்டையைக் குறித்துக்கொண்டு, பலகைக்கு அந்தத் தனி இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பேராக வந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கள்.

சிம் கார்டு பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று விற்கப்படும் பல திட்டங்களில் சுவிட்சர்லாந்து சேராது. ஜெனீவாவில் இறங்கியதும் இணைய இணைப்பு இல்லாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும். வாங்கும்போதே நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். டிரைவரின் எண், முன்பதிவு எண், வரைபடம் ஆகியவற்றைக் கைபேசியிலேயே சேமித்துக்கொண்டால் இணைப்பு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

இரண்டு கதவுகள்

பெட்டிகளோடு வெளியேறும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கூட்டம் போகும் திசையில் நடந்தால் சுவிஸ் சுங்கத்தைத் தாண்டி வருகைக் கூடத்துக்கு வந்துவிடுவீர்கள். பிரான்ஸ் பகுதிக்குப் போகும் வழி வேறு. அதற்கான அறிவிப்புப் பலகையைப் பெட்டிக் கூடத்திலேயே தேடிப் பிடித்துத் தொடர வேண்டும்.

போகும் ஊர் பிரான்ஸில் இருப்பதால் பிரான்ஸ் கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாமோனிக்கும் மோர்சீனுக்கும் போகும் வேன்களும் பஸ்களும் பெரும்பாலும் சுவிஸ் பக்கத்தில்தான் ஆளேற்றுகின்றன. ரயில் நிலையமும் சுவிஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. பிரான்ஸ் கதவு முக்கியமாக யாருக்கு என்றால், பிரான்ஸ் பகுதியில் வாடகைக் கார் பதிவு செய்தவர்களுக்கு. உங்கள் முன்பதிவுச் சீட்டில் சந்திக்கும் இடம் சுவிஸ் பகுதியா, பிரான்ஸ் பகுதியா என்று தெளிவாக எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் ஊரிலிருந்து கிளம்பும் முன் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தவறான கதவு வழியாக வெளியே வந்துவிட்டாலும் பதற வேண்டாம். கட்டடம் ஒன்றுதான். வந்த கதவு வழியே திரும்ப விடமாட்டார்கள். தகவல் மேசையில் கேட்டால் சுற்றிப் போகும் வழியைச் சொல்வார்கள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுங்கத்தைத் தாண்டி நடக்க நேரமாகும் என்பதால் காத்திருக்கும் நிறுவனத்துக்கு உடனே ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள்.

சுவிஸ் ஊர்களுக்கு ரயில்

செர்மாட், வெர்பியே, கிரான்ஸ்-மொன்டானா போன்ற சுவிஸ் ஊர்களுக்குப் போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் ரயிலைப் பிடிக்கலாம். 1987இல் திறக்கப்பட்ட ரயில் நிலையம் விமான நிலையத்தோடு ஒட்டியே இருக்கிறது. வருகைக் கூடத்திலிருந்து சில நிமிட நடைதான். இங்கிருந்து புறப்படும் எல்லா ரயில்களும் நகரின் பெரிய நிலையமான கோர்னவானில் நிற்கும்; அதற்கு ஏழு நிமிடம் ஆகும். நகருக்குள் தங்குகிறவர்கள் எந்த ரயிலிலும் ஏறலாம்.

மலைக்குப் போகிறவர்கள் லொசான், மோன்ட்ரோ வழியாக ரோன் பள்ளத்தாக்குக்குள் போகும் ரயிலைப் பார்த்து ஏற வேண்டும். வெர்பியேவுக்கு மார்ட்டினியில் இறங்கி, லெ ஷாப்ல் போகும் சிறிய ரயிலுக்கு மாறி, அங்கே நிலையத்தின் அருகிலேயே இருக்கும் கேபிள் காரில் மேலே ஏறலாம். கிரான்ஸ்-மொன்டானாவுக்கு சியேரில் இறங்கிச் சரிவு ரயில். செர்மாட்டுக்கு ஃபிஸ்ப் நிலையத்தில் மாற வேண்டும். விமான நிலையத்திலிருந்து மொத்தம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். செர்மாட்டுக்குள் கார் போகாது. காரில் வந்தாலும் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு அதே ரயிலில்தான் ஏற வேண்டும். எனவே காரால் அங்கே ஒரு லாபமும் இல்லை.

சுவிஸ் ரயில் நிலையங்களில் டிக்கெட் காட்டி நுழையும் தடுப்பு கிடையாது. அதனால் டிக்கெட்டை வண்டிக்குள் வாங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறினால் அபராதம். ரயில்வேயின் செயலியில் கடைசி ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். மலிவான சலுகை டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் அவை வீணாகும் என்பதால் விமானம் இறங்கும் நாளில் சாதாரண டிக்கெட்டே நல்லது. லொசான் திசையில் போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். ஏரியும் அதற்கு அப்பால் பனி மூடிய மலைகளும் நெடுந்தூரம் கூடவே வரும்.

பிரான்ஸ் ஊர்களிலும் சிலவற்றுக்கு ரயிலில் போக முடியும். 2019 டிசம்பரில் தொடங்கிய லேமான் எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஜெனீவாவையும் பிரான்ஸின் சான்-ஜெர்வே ஊரையும் இணைக்கின்றன. அங்கே மலை ரயிலுக்கு மாறினால் சாமோனி. இந்த ரயில் விமான நிலையத்துக்கு வராது. கோர்னவானில் மாற வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டியிருப்பதால், சுமை குறைவாக உள்ளவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

பிரான்ஸ் ஊர்களுக்கு வேன், பஸ்

சாலை வெறிச்சோடி இருந்தால் சாமோனிக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். வால் தோரான்ஸ், கூர்ஷெவெல் போன்ற ஊர்களுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஆல்பெர்வில்லிலிருந்து மூட்டியே வரையிலான ஒரே பள்ளத்தாக்குச் சாலையில்தான் அந்தப் பக்கத்துப் பெரிய ஊர்களுக்கான வண்டிகள் எல்லாம் போயாக வேண்டும் என்பதால் சனிக்கிழமை நேரம் எவ்வளவு நீளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பகிர்வு வேன் மலிவானது; மற்ற பயணிகளின் விமானத்துக்காகக் காத்திருக்கும். பதிவு செய்யும்போது உங்கள் விமான எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். விமானம் தாமதமானால் அடுத்த வேனில் ஏற்றுவார்களா, கூடுதல் பணம் கேட்பார்களா என்பதையும் படித்துவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கான இருக்கையை அப்போதே சொல்ல வேண்டும். இறங்கும் இடம் ஓட்டல் வாசலா, ஊரின் பஸ் நிலையமா என்று கேளுங்கள். உறைந்த சாலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு கால் கிலோமீட்டர் நடப்பதே பெரிய பாடு.

கார் எடுப்பவர்களுக்கு

பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் மலைக்குக் கார் எடுக்காமல் இருப்பதே நல்லது. பழக்கம் இருக்கிறது என்றால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

பிரான்ஸ் பகுதியில் கார் வாடகை குறைவாக இருக்கலாம். ஆனால் குளிர்காலச் சக்கரம், அதாவது பனிச்சாலைக்கான டயர், அதில் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். பிரான்ஸின் மலைப்பகுதிச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலச் சக்கரமோ, பனிச் சங்கிலியோ கட்டாயம். சக்கரத்தின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்க வேண்டும். சாவியை வாங்கியதும் குனிந்து நான்கு சக்கரத்திலும் அந்தச் சின்னத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சங்கிலியும் வாங்கியிருந்தால் வெளிச்சமும் காய்ந்த தரையும் உள்ள கார் நிறுத்தத்திலேயே ஒரு முறை மாட்டிக் கழற்றுங்கள். இருட்டில், மலை வளைவில், விறைத்த விரல்களோடு முதன்முதலாக மாட்டுவது மிகவும் சிரமம்.

அடுத்தது நெடுஞ்சாலை வில்லை, அதாவது நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டியதற்கான ஒட்டுச்சீட்டு. சுவிஸ் நெடுஞ்சாலைகளில் ஓட 40 ஃபிராங்க் கட்டி ஆண்டு வில்லை பெற வேண்டும். சுவிஸ் பகுதியில் எடுக்கும் கார்களில் அது இருக்கும். பிரான்ஸ் பகுதிக் கார்களில் இருக்கும் என்று நம்ப முடியாது. பிரான்ஸ் பகுதியிலிருந்து கிளம்பும் சாலை ஃபெர்னே-வோல்டேர் ஊருக்குப் போகிறது. அங்கிருந்து சாமோனிக்குக் குறுக்கு வழி பார்த்தால், வழிகாட்டிச் செயலி உங்களை மறுபடி சுவிஸ் நெடுஞ்சாலையில்தான் ஏற்றிவிடும். வில்லை இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், வில்லையின் விலை வேறு. காரின் எண்ணைக் கொடுத்து இணையத்தில் மின்-வில்லை வாங்கிவிடலாம். ஐந்து நிமிட வேலை. பிரான்ஸ் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக் கட்டணம் யூரோவில் தனி.

இரவில் இறங்கினால்

ஜெனீவாவில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை வழக்கமான விமானங்கள் இயங்குவதில்லை. மாலை ஏழு, எட்டு மணிக்கு மேல் இறங்குகிறவர்கள் அன்றிரவே மலையேற அவசரப்படாமல் நகரிலேயே ஓர் இரவு தங்குவது புத்திசாலித்தனம். ஜெனீவா மாநில ஓட்டல்களில் தங்குவோருக்கு உள்ளூர்ப் பஸ், டிராம், ரயிலுக்கு இலவச அட்டை கிடைக்கிறது. முன்பதிவு செய்த ஓட்டலிடம் அதை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.

திரும்பும் நாள்

கீழே இறங்கும் சாலையும் அதே சனிக்கிழமைச் சாலைதான். வேன் நிறுவனம் அதிகாலை நாலரைக்குக் கிளம்பச் சொன்னால் வாதாடாமல் கிளம்புங்கள்; அந்தச் சாலையைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். பிப்ரவரிச் சனிக்கிழமை என்றால் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன் நிலையத்தில் இருக்கும்படி கணக்குப் போடுங்கள்.

பிரான்ஸ் பகுதியில் எடுத்த காரைப் பிரான்ஸ் பகுதியில்தான் ஒப்படைக்க வேண்டும். வழிகாட்டிச் செயலியில் வெறுமனே ஜெனீவா விமான நிலையம் என்று போட்டால் அது சுவிஸ் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். கண்ணெதிரே இருக்கும் கட்டடத்தின் மறுபக்கத்துக்குத்தான் கார் போக வேண்டும். அதற்கு எல்லையைத் தாண்டிச் சுற்றி ஃபெர்னே-வோல்டேர் வழியாக உள்ளே வர வேண்டும். எனவே செயலியில் ஃபெர்னே-வோல்டேர் ஊரைப் போட்டு, அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிரான்ஸ் பகுதிக்கான வழிகாட்டிப் பலகைகளைத் தொடருங்கள்.

டிக்கெட்டில் டெர்மினல் எண்ணையும் பாருங்கள். 1946இல் கட்டப்பட்ட பழைய கட்டடமான டெர்மினல் 2, குளிர்காலத்தில் சுற்றுலா நிறுவனங்கள் மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் விமானங்களின் கூட்டத்துக்காகப் பயன்படுத்தப்பட்டு வந்தது. பிரதானக் கட்டடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. சறுக்குப் பைகளைச் சாதாரணக் கவுன்ட்டரில் எடை போட்டு ஒட்டுச்சீட்டு ஒட்டிய பிறகு, அளவு மிகுந்த பொருட்களுக்கான இடத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே தனி வரிசை.

பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் கடைகள் வரும். எல்லாம் முடிந்தது என்று அங்கே உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலர். ஷெங்கனுக்கு வெளியே போகும் விமானங்களுக்கு அதற்குப் பிறகும் ஒரு பாஸ்போர்ட் சோதனை இருக்கிறது. கூட்ட நாளில் அந்த வரிசை வேகமாக நீளும். முதலில் அதைத் தாண்டிப் போய் உங்கள் கேட் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். காப்பியை அங்கே போய்க் குடிக்கலாம்.